சேர்த்து வைத்த ஜோடிகள்

அத்தியாயம் 14

போஸ்டரில் ஞானகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் சாராள் பார்த்ததே கிடையாது. ஸ்டூடியோவுக்குப் போகும்போது மட்டும் பீரோவிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வாள் போலிருக்கிறது.

'பிரிக்க வரவில்லை, சேர்க்க வந்தேன்!' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, 'குடும்பங்களின் காவலர், வழக்கறிஞர் ஞானகுமாரி அருள்தாஸ் அவர்களை நகரசபைத் தலைவி ஆக்குவீர்'. அதற்கும் கீழே ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. முன்னால் ஒரே ஒரு வாழை இலை. அவன் அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுகிறான். அவள் வாயைத் திறந்திருக்கிறாள்.

அந்த இலையைக் கழுவிப் போட்டவள் சாராள். சோறு வடித்தவளும் அவள்தான். ஆனால் போஸ்டரில் அவளுடைய சுண்டுவிரல்கூட விழவில்லை.

"எப்படி இருக்கு சாராள்?" என்றாள் ஞானகுமாரி.

"நல்லா இருக்குக்கா."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓரகத்தியிடம் அவள் சொல்லிவந்த பதில் இதுதான். மனசுக்குள் சொன்னதையெல்லாம் வாய் வழியாக விட்டிருந்தால் என்றைக்கோ தெருவில் நின்றிருப்பாள். மாடி மூத்தவர் அருள்தாஸுக்கு, கீழ்ப் போர்ஷன் இளையவர் பால்ராஜுக்கு என்று பேச்சு. பத்திரத்தில் மாடி, கீழ் இரண்டுமே ஞானகுமாரி பெயரில்தான்.

ஞானகுமாரி கறுப்புக் கோட்டு மாட்டியது எண்பத்திரண்டில். ஆரம்பத்தில் அவளும் உருப்படியான வக்கீலாகத்தான் இருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தாள். பெண்டாட்டியைத் தள்ளிவைத்தவன் சம்பளத்தில் பிடித்தம் போட வைத்தாள். ஊர் என்ன சொன்னது? குடும்பத்தைக் கலைக்கிற வக்கீலம்மா என்றது. ஒரு அரசியல் கட்சிக்காரனும் அவள் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

அப்புறம் ஒருநாள், கோர்ட் வாசலில் ஒரு ஜோடி தானாகவே அழுது தீர்த்துச் சமாதானமாகிவிட்டது. இவள் செய்ததெல்லாம் பக்கத்தில் நின்றதுதான். மறுநாள் பேப்பரில் 'பிரிந்த தம்பதியை இணைத்த பெண் வக்கீல்' என்று வந்தது. அன்றோடு அந்த வீட்டில் ஜீவனாம்சம் என்ற வார்த்தையே ஒழிந்தது.

மேடை கிடைத்தது. மேடையில் அவள் நைட்டியோடு தெருக்குழாய்க்கு வரும் பெண்களை விளாசினாள். டி.வி.யை விளாசினாள். காலேஜ் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் சிரிப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. பொறுத்துப்போகிறவள்தான் பெண் என்று தொண்டை கட்டும்வரை பேசினாள். பேசி முடித்து மாடிக்கு வந்ததும் அவளே நைட்டிக்கு மாறுவாள். அதைத் துவைத்து, வெளியே தெரியாமல் உள்கொடியில் காயப்போடுவதும், அவளுடைய கேஸ் பேப்பர்களை டைப் அடித்துக் கொடுப்பதும் சாராளின் வேலை.

கட்சி மூன்று மாறினாள். கட்சி மாறும்போதெல்லாம் சேலைக் கரையும் மாறியது. பழைய கரைச் சேலைகள் மாடியிலிருந்து இறங்கி சாராளிடம் வந்து சேரும். கட்டிக்கொண்டு வெளியே போகக்கூடாது என்ற உத்தரவோடு வரும்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல 'ஒரே இலை விருந்து'. சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை உட்காரவைத்து, ஒரே இலையில் சோறு போட்டு, முதல் கவளத்தை அவன் அவளுக்கு ஊட்டவேண்டும். போட்டோக்காரன் அந்த நேரத்தில் பளிச்சென்று அடிப்பான். போட்டோ பிரேம் போட்டு ஆபீஸ் அறைச் சுவருக்குப் போகும். இலையை எடுத்த பிறகு அந்த ஜோடி எங்கே போனது, என்ன ஆனது என்று மாடியில் யாரும் கேட்டதில்லை. அந்த போட்டோக்களுக்குத் தூசி தட்டுகிற சாராளும் கேட்டதில்லை.

இப்போது அந்தச் சுவரில் அடுத்த ஆணி அவள் மகளுக்காகக் காத்திருந்தது.

அம்பத்தூரிலிருந்து மெர்சி தன்னந்தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாளே, இடது கையில் மாவுக்கட்டோடு, அதைப் போன வாரமே பார்த்தோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். பெற்றவளிடமும் அதையே சொன்னாள். சாராள் அதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. மாப்பிள்ளை ஜெயசீலன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். அவன் அப்பா கை காட்டினால் சர்ச்சில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள். அந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்துவந்ததே ஞானகுமாரிதான்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மைதானத்தில் தேர்தல் கூட்டம். சேர்த்து வைத்த ஜோடிகளையெல்லாம் மேடையேற்றி, கடைசியில் மெர்சியையும் ஜெயசீலனையும் ஏற்றி, அங்கிருந்தே காரில் அம்பத்தூருக்கு அனுப்பிவிடுவது என்று மாடியில் முடிவாகிவிட்டது. அந்தக் காரில் ஏறினால் மகள் திரும்பி வரமாட்டாள் என்று சாராளுக்குத் தெரியும்.

"நாகப்பன் வேன் எடுத்துக்கிட்டு வர்றான். ஜோடிங்கள அழைச்சுட்டு வரணும். நீயும் போ சாராள், உனக்குத்தான் மூஞ்சியெல்லாம் தெரியும்" என்றாள் ஞானகுமாரி. "மெர்சியையும் கூட்டிட்டுப் போ. சேர்ந்து வாழ்ற குடும்பம் எப்படி இருக்கும்னு கண்ணால பார்த்துக்கட்டும்."

சாராள் நிமிர்ந்து பார்த்தாள். ஓரகத்தி கிண்டலாகச் சொல்லவில்லை. சுவரில் மாட்டியதையெல்லாம் அவள் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

கீழே பால்ராஜ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"பொண்ண அனுப்பப் போறாங்க. பெத்தவன் நீ. ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்றாள் சாராள்.

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவன் நிமிரவில்லை. காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"கை ஒடஞ்சு வந்திருக்கா."

"வழுக்கி உழுந்துட்டேன்னு அதான் சொல்லுதே. ஆவடிக்கு நேரமாச்சு, ஓவர்டைம் கீது." டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். ஒரு ஆண்பிள்ளையின் முதுகு இவ்வளவு சின்னதாக இருக்குமா என்று சாராள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெர்சி தலைக்குப் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். அவளுக்குப் பெரியம்மா என்றால் உயிர். சின்ன வயசில் ஞானகுமாரியின் கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு, தரையெல்லாம் கூட்டியபடி வீடு முழுக்க நடப்பாள்.

"போறேம்மா. பெரியம்மா எது சொன்னாலும் நல்லதுக்குத்தான் சொல்வாங்க. எத்தன குடும்பத்த சேத்து வெச்சிருக்காங்க!"

சாராள் செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தாள். எதிர்த்துச் சொல்லிப் பழக்கமில்லை.

வேன் முதலில் வேலப்பன்சாவடிக்குப் போனது. கோவிந்தராஜ், புஷ்பா தம்பதி. போட்டோவில் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வீட்டு வாசலில் கோவிந்தராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணாத்தே, உங்க ஊட்டுக்காரம்மா?" என்றான் கட்சியின் வட்டச் செயலாளர் நாகப்பன்.

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பின்னால போய் கேளு" என்றார்.

பின்பக்கம் போனால் நடுவீட்டில் தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் தனி அடுப்பு, தனிக் குடம். புஷ்பா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துக்கா? அந்த ஆளு வர்றாரான்னு கேட்டு சொல்லு. அவர் ஒக்கார்ற பக்கம் நான் ஒக்கார மாட்டேன்."

"அவரு உங்க புருஷன் இல்லியா?" என்றாள் மெர்சி.

"ரேஷன் கார்டுல அப்டிதான் போட்டுக்கீது கண்ணு" என்றாள் புஷ்பா.

நாகப்பன் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து தூது பேசினான். மேடையில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நாற்காலி இடைவெளி விடுவதாக ஒப்பந்தம் ஆயிற்று. போட்டோவில் கண்ணீராகக் கொட்டியவர்கள், வேனில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்தது ஆவடி குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்தவன் போட்டோவில் இருந்த அதே ஆள். பின்னால் எட்டிப் பார்த்த பெண் போட்டோவில் இருந்த பெண் அல்ல.

"நாகம்மாவா? அது எப்பவோ போய்ட்ச்சே. இப்ப இதுதான் கீது. இத்த இட்டுகினு வரட்டா?" என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல்.

நாகப்பன் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தான். "உயரம் சரியாத்தான் கீது. முக்காடு போட்டுக்கச் சொல்லு, ஏறு" என்றான்.

மெர்சி சிரித்துவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "பெரியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டாங்க" என்றாள்.

"ஆமாமா. ரொம்ப ஒத்துக்கமாட்டாங்க" என்றாள் சாராள். வெளியே சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வானம் இடிந்து விழவில்லை.

கடைசியாகத் திருமழிசை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தாண்டி, வயலை ஒட்டிய தெரு. இது முக்கியமான வீடு. போஸ்டரில் வாயைத் திறந்துகொண்டிருக்கிறாளே, அந்தப் பஞ்சவர்ணத்தின் வீடு. வீட்டுச் சுவரிலேயே போஸ்டரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் அவள் வரட்டி தட்டியிருந்தாள். புருஷன் முகத்தின் மேல் மட்டும் தட்டியிருந்தாள்.

பட்டறையில் அரைநாள் வேலை முடித்து வந்து, கையில் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள் பஞ்சவர்ணம். நாகப்பன் கும்பிட்டுக்கொண்டே பேசத் தொடங்கினான்.

"இந்தப் பக்கம் வந்து பேசுப்பா. அந்தக் காது கேக்காது" என்றாள்.

"காதுக்கு என்ன ஆச்சு?" என்று மெர்சி கேட்டாள்.

"உங்க ஊட்ல ஒரே எலைல துன்னமா? பாயசம்கூட போட்டாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாரம் ஒரு அறை வுட்டான். கொய்யினு ஒரு சத்தம். அதோட சரி." யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "வக்கீலம்மாகிட்ட போய் அழுதேன். அவங்க போட்டோவ காட்டி, 'பாரு எவ்ளோ சந்தோசமா கீற, பொறுத்துப்போ'ன்னு அனுப்சிட்டாங்க."

சாராளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. அன்றைக்கு வாசலில் காபி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

"இப்ப உங்க வீட்டுக்காரர்?" என்றாள் மெர்சி.

"செங்கல்வராயனா? அவன் அக்கா ஊட்ல கீறான். நான் கோர்ட்டுக்கெல்லாம் போவல கண்ணு. ஒருநாள் அவன் வெளிய போன நேரம் பாத்து பூட்ட மாத்திட்டேன். ரெண்டு நாள் கத்தினான். மூணாம் நாள் பசிச்சுது, போய்ட்டான்." பஞ்சவர்ணத்தின் பார்வை மாவுக்கட்டில் நின்றது. "கையில இன்னா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

"நானும் எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொன்னேன்" என்றாள் பஞ்சவர்ணம். "எங்க ஊட்ல பாத்ரூமே கெடையாது."

யாரும் சிரிக்கவில்லை. நாகப்பன் பட்டுச்சேலை தருவதாகச் சொன்னான். நூறு பட்டுச்சேலை கொடுத்தாலும் அந்த மேடையில் உட்கார மாட்டேன் என்று அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பும் வழியில் வேன் செங்கல்வராயனை மட்டும் அவன் அக்கா வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டது. பிரியாணிப் பொட்டலம் உண்டா என்று கேட்டுக்கொண்டே ஏறினான். அவனுக்கு யாரை ஜோடி போடுவது என்பதுதான் நாகப்பனின் கவலை.

மெர்சி ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தாள். நசரத்பேட்டை தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்.

"கதவு இடுக்குல வெச்சு சாத்தினாரும்மா."

சாராள் மகள் பக்கம் திரும்பினாள்.

"கை எடுக்கறதுக்குள்ள சாத்தினாரா, தெரிஞ்சே சாத்தினாரான்னு பத்து நாளா யோசிச்சிட்டிருந்தேன். பெரியம்மாகிட்ட வந்தன்னிக்கே சொல்லிட்டேன். வெளிய சொல்லாத, பாத்ரூம்னு சொல்லுன்னு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க." மாவுக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சேதாம்மா சாத்தினார்."

சாராள் மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்தது வேறு. இத்தனை காலமும் ஓரகத்தியை மனசுக்குள் மட்டமாக நினைத்து நினைத்து, அதையே பெரிய வீரமாக எண்ணிக்கொண்டிருந்தோமே என்று தன்மீதே அருவருப்பாக இருந்தது.

மைதானத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. சேர்ந்ததா, பிரியாணி சேர்த்ததா என்பதை விட்டுவிடுவோம். மேடையில் ஜோடி ஜோடியாக நாற்காலிகள். கோவிந்தராஜுக்கும் புஷ்பாவுக்கும் நடுவே ஒப்பந்தப்படி இடைவெளி. ஆவடிக்காரன் பக்கத்தில் முக்காடு. செங்கல்வராயன் பக்கத்திலும் ஒரு முக்காடு. அது மகளிரணித் தாயம்மா. நாகப்பனின் ஏற்பாடு. ஆளில்லாத இடத்தையெல்லாம் அவன் மகளிரணியை வைத்து அடைத்திருந்தான்.

ஓரத்தில் மாலையோடு ஜெயசீலன். அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"மேடையில இலை போட வசதியில்லம்மா. லட்டு வெச்சுக்கலாம்" என்று நாகப்பன் தட்டு தூக்கிக்கொண்டு நின்றான்.

ஞானகுமாரி மைக்கைப் பிடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, பேச்சில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "கோர்ட்டுக்குப் போனா ரெண்டு குடும்பம் அழியும். எங்கிட்ட வந்தா ஒரு குடும்பம் பிழைக்கும்!" என்றாள். கைதட்டல். "ஊருக்குச் செய்யறத என் வீட்டுக்குச் செய்யலியா? என் கையில வளர்ந்த பொண்ணு மெர்சி. சின்ன மனஸ்தாபம். இதோ, உங்க முன்னால புருஷனோட சேரப்போறா. மேடைக்கு வாம்மா மெர்சி!"

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெர்சி எழுந்திருக்கவில்லை.

"வாம்மா!"

"அவ வரமாட்டாக்கா" என்றாள் சாராள். உட்கார்ந்த இடத்திலிருந்துதான் சொன்னாள். சுற்றியிருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

ஞானகுமாரிக்கும் கேட்டது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "புதுப்பொண்ணு இல்லியா, வெட்கப்படறா!" என்றாள். மைதானமே சிரித்தது. விசில் பறந்தது. ஒரு பெண் மாட்டேன் என்பதைக்கூட வெட்கம் என்று விற்றுக் காசாக்கத் தெரிந்தவள்.

"அவ வர்றதுக்குள்ள மத்த ஜோடிங்க லட்டு ஊட்டட்டும்" என்று ஞானகுமாரி கையசைத்தாள்.

அங்கேதான் நாகப்பனின் கணக்கு பிசகியது. தாயம்மாவின் புருஷன் யார் என்று அவன் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். மைக் செட் வரதன்தான் அவள் புருஷன். செங்கல்வராயன் ஒரு முழு லட்டை எடுத்து, பல்லைக் காட்டிக்கொண்டு, முக்காட்டை விலக்கினான்.

"டேய்! கைய எட்றா! அது என் பொண்டாட்டிடா!"

ஆம்ப்ளிபயரைத் தாண்டி வரதன் மேடைக்குப் பாய்ந்தான். போகிற வேகத்தில் ஒயர் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. மைக் செத்தது. லட்டுத் தட்டு பறந்தது. "உன் பொண்டாட்டினு எழுதியா ஒட்டிக்கீது?" என்று செங்கல்வராயன் கேட்க, வரதன் அவன் சட்டையைப் பிடிக்க, கோவிந்தராஜும் புஷ்பாவும் பல காலம் கழித்து முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் களேபரத்தில் ஞானகுமாரி மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கி நேராக இவர்களிடம் வந்தாள். மைக் இல்லாத அவள் குரலைக் கேட்டு சாராளுக்கு வெகு நாளாகியிருந்தது. சின்னக் குரல்தான்.

"எழுந்திரு மெர்சி."

"பெரியம்மா, நீங்க சேத்து வெச்சதுல ஒரு ஜோடியாவது இன்னிக்கு ஒரே இலைல சாப்பிடுமா?"

"அவங்க கதை உனக்கெதுக்கு? வெளியே வந்த பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியும். நான் வாங்கிக் குடுத்த ஜீவனாம்சம் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது? ரெண்டு மாசம் வரும், அப்புறம் நின்னுடும். வாசல்ல வந்து நின்னு என்னைத்தான் திட்டுவாங்க." அது உண்மையாகவே அவள் மனசிலிருந்து வந்தது. ஒரு கணம்தான். உடனே வக்கீலாகிவிட்டாள். "நம்ம கிறிஸ்தவ சட்டத்துல அடிச்சான்னு மட்டும் சொல்லி விவாகரத்து வாங்க முடியாது. அவன் இன்னொருத்தியோட போனான்னும் நிரூபிக்கணும். உன்னால முடியுமா?"

"நான் விவாகரத்தே கேக்கலியே பெரியம்மா. போக மாட்டேன்னுதான் சொல்றேன்."

"அதுக்கும் சட்டம் இருக்கு. சேர்ந்து வாழ வரலன்னா புருஷன் கேஸ் போடலாம். போட்டாச்சு. திங்கட்கிழமை வாய்தா. ஜெயசீலனுக்கு வக்காலத்து போட்டிருக்கிறது நான்தான்."

மெர்சி பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கவுனைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்த குழந்தை அந்தக் கணத்தோடு அந்த முகத்திலிருந்து போய்விட்டது.

"உன் பேப்பர் எல்லாத்தையும் நான்தானேக்கா டைப் அடிக்கறேன். இது எப்ப அடிச்ச?" என்றாள் சாராள். முதல்முறையாக ஓரகத்தியை 'நீ' என்று சொல்லியிருந்தாள்.

"அத வெளியில குடுத்து அடிச்சேன்." ஞானகுமாரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பொண்ணைப் பிரிச்சு வெச்சிருக்கிறதே அவ அம்மாதான், அவ மனசைக் கெடுத்து வாழவிடாம பண்றான்னு ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்கார். அதுக்கு மேல கோர்ட்டுக்கு என்ன வேணும்? வேற யாரும் இல்ல சாராள். உன் வீட்டுக்காரர்தான்."

மேடையில் மைக் திரும்ப உயிர் பெற்றுக் கரகரத்தது. ஞானகுமாரி போஸ்டர் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு படியேறினாள்.

சாராள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஓவர்டைம் என்று போனவன் டீக்கடை ஓரமாக நின்றிருந்தான். தோளில் புதுக் கட்சித் துண்டு. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் டீ கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். காலையில் அந்தக் காலரை அவ்வளவு தேய்த்தது எதற்கு என்று இப்போது புரிந்தது.

இந்த ஆளையா இத்தனை காலம் பயந்தவன், பாவம், அண்ணி பேச்சைத் தட்டத் தெரியாதவன் என்று மன்னித்துக்கொண்டிருந்தாள்? ஞானகுமாரியாவது தனக்கு லாபம் என்று செய்தாள். இவன் ஒரு துண்டுக்குச் செய்திருக்கிறான்.

"எழுந்திரு" என்றாள் மகளிடம்.

"எங்கம்மா?"

வீடு ஓரகத்தியுடையது. அம்மா வீடு என்று ஒன்று எப்போதோ இல்லாமல் போயிருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தாள். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில், போர்டைக்கூடப் பார்க்காமல், மகளை முதலில் ஏற்றித் தானும் ஏறினாள்.

பஸ் வளைவதற்குள் பின்னால் யாரோ பக்கவாட்டுத் தகரத்தைப் பட்பட்டென்று தட்டுகிற சத்தம் கேட்டது. பால்ராஜ். துண்டு நழுவ, வாய் கோண, ஓடிவந்துகொண்டிருந்தான். "சாராளு! நில்லு சாராளு! ஒரு நிமிசம், சொல்றத கேளு!"

பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பினார்.

"யாரும்மா அது? உங்க ஆளா? நிறுத்தச் சொல்லவா?"

மெர்சி அம்மாவைப் பார்த்தாள். சாராள் ஜன்னல் வழியாக அந்த முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"யாருன்னு தெரியல நைனா" என்றாள். "நீங்க போங்க."